பூக்கள்ளன் பெண்சாதி

என் கணவரைப் பொலிஸ் பிடித்திருக்கிறது என்ற செய்தி வந்தபோது, நான் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். இந்தச் சுவிஸ் நாட்டில் மரியாதை கூடக் கூட எனக்குப் பயமும் கூடும். உங்கள் கணவர் எங்களிடம் இருக்கிறார், நலமாக இருக்கிறார், அவர்மீது களவு முறைப்பாடு ஒன்று வந்திருக்கிறது என்று என் ஜெர்மன் அறிவை மதிப்பிட்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

என்ன களவு என்று கேட்டேன்.

"பூக்கள்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்று வேலை செய்த போர்த்துக்கேயப் பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். பூவுக்குப் பொலிசா, இந்த ஊரில் இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்துக்கொண்டுதான் பேருந்தில் ஏறினேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இவர் பூப்பறிக்கும் கதையைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் விடியற்காலையில் குளித்துவிட்டுச் சாமிக்குப் பூப்பறிக்கப் போகிறவர் எல்லாத் தடவையும் தன் வளவுக்குள் மட்டும் பறிப்பதில்லை. அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் செவ்வரத்தை எட்டிப் பார்த்தால் கை போகும். வீட்டுக்காரர் கண்டால் ஏசுவார்கள், நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். சாமிக்குப் பறித்த பூவைக் களவு என்று யாரும் சொன்னதில்லை. இவர் அந்தப் பழக்கத்தை அப்படியே நாங்கள் குடியிருக்கும் எம்மன்புரூக்கேக்குக் கொண்டுவந்தார். எங்கள் குடியிருப்பின் பின்பக்கத்தில் வெள்ளைப் பூப் பூக்கும் பெரிய பற்றை ஒன்று நின்றது. கிட்டத்தட்ட மல்லிகை வாசம். பல வருடமாக எங்கள் சாமித்தட்டுக்கு அதுதான் பூக்கொடுத்தது. ஒரு வசந்த காலத்தில் குடியிருப்பு நிர்வாகம் அந்தப் பற்றையை வெட்டி, வேரையும் கிண்டி எடுத்து, அந்த இடத்தில் சல்லிக்கல்லைக் கொட்டிவிட்டது. கல்லுக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லைதானே.

நாலைந்து நாள் சாமித்தட்டு வெறுமையாகக் கிடந்தது. பிறகு ஒருநாள் இவர் வெள்ளை ரோசாவும் இன்னும் இரண்டு மூன்று வகைப் பூவும் கொண்டுவந்தார். எங்கே என்று கேட்டேன். தொழிற்சாலைக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறதாம், நல்ல பூவாம், ஒரு சனமும் இல்லையாம். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அந்த ரோசாக்களுக்கு நல்ல மணம்.

பொலிஸ் நிலையத்தில் இவரை ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். நெற்றியில் திருநீறு அழியாமல் இருந்தது. மேசையில் எங்கள் வீட்டு ஐஸ்கிறீம் டப்பா, அதற்குள் பூ. ஆனால் என் கண்ணில் பட்டது இவருடைய கைகள்தான். மடியில் வைக்கவில்லை, மேசையில் ஊன்றவில்லை. சேற்றுக்குள் விட்டு எடுத்த கைகளைப்போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

இவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது பூங்கா இல்லையாம்" என்றார்.

பொலிஸ்காரர்தான் படம் ஒன்றைக் காட்டி விளக்கினார். அது சவக்காலையின் ஒரு பகுதி. தனித்தனிக் கல்லறை வேண்டாம் என்பவர்களின் சாம்பலை எல்லாம் ஒன்றாகப் புதைக்கும் இடம். சிலுவை இல்லை, கல் இல்லை, புல்தரையும் பூப்பாத்தியும் மட்டும். பெயர்கள் பொறித்த சுவர் முன்வாசல் பக்கம் இருக்கிறது. இவர் போனது பின்பக்கத்து ஒற்றையடிப்பாதையால். கணவரை அங்கே புதைத்த ஒரு மூதாட்டி, தான் கொண்டுவந்து வைக்கும் தொட்டியிலிருந்து ரோசா காணாமல் போவதைக் கண்டு முறைப்பாடு கொடுத்திருக்கிறார். தோட்டக்காரர் காத்திருந்து பிடித்துக்கொடுத்துவிட்டார்.

களவு என்ற சொல் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. சவக்காலைப் பூவை வாரக்கணக்காகச் சாமிக்கு வைத்திருக்கிறோம். அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றி நான் தலையிலும் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. கதவைச் சாத்தியதும் தொடங்கினேன்.

"உங்களுக்குக் கண் எங்க இருந்தது? பூந்தொட்டியைக் கண்டும் விளங்கேல்லையோ? செத்த ஆக்களின்ர பூவைக் கொண்டுவந்து முருகனுக்குச் சாத்தியிருக்கிறியள்!"

"இஞ்ச ரவுண்டபவுட்டிலயும் தொட்டி வைக்கிறாங்கள். எனக்கு என்னெண்டு தெரியும்?"

"அங்கயே நில்லுங்கோ. சாமியறைப் பக்கம் கால் வைக்கப்படாது. முதல்ல போய்த் தலையில தண்ணி வாருங்கோ."

"நீர் கொஞ்சம் மெல்லமாக் கதையும். கீழ் வீட்டுக்குக் கேக்கும்."

கேட்கட்டும் என்று இன்னும் பலமாகக் கத்தினேன். சாமிப்படங்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். தட்டு, விளக்கு, மணி எல்லாவற்றையும் புளிபோட்டுத் தேய்த்தேன். மஞ்சள் தண்ணீரால் நிலத்தைத் துடைத்தேன், திரும்பவும் துடைத்தேன். கீழ் வீட்டு மனிதர் வந்து கதவைத் தட்டி, எல்லாம் சரியா என்று கேட்டார். சரி என்று சொல்லி அனுப்பினேன். படங்களைப் புதுத்துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். விளக்கு ஏற்றவில்லை. இவரோ குளித்துவிட்டு ஈரத்தலையோடு நடையில் நின்றுகொண்டு, "அந்தப் பொலிஸ்காரன் பூவை எடுத்து மணந்து பாத்தவன்" என்றார். இந்த நிலைமையிலும் அந்த மனுசனுக்கு அதுதான் குறை. மணந்த பூ சாமிக்கு ஆகாதாம்!

மகள் அடுத்த நாள் சூரிச்சிலிருந்து வந்தாள். பொலிஸ் கொடுத்த தாள்களை வாசித்தவளின் முகம் மாறியது. இரண்டு குற்றச்சாட்டுகள். சின்னப் பெறுமதிக் களவு ஒன்று. அது முறைப்பாடு கொடுத்தவர் மனம் வைத்தால் இல்லாமல் போகும். மற்றது, இறந்தவர்களின் அமைதியைக் குலைத்தது. அது ஒருவர் மனம் வைத்தாலும் போகாது. தெரிந்துகொண்டு செய்தாரா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் நீதிபதிவரை போவதில்லை. அரச வழக்குத்தொடுநரே கூப்பிட்டு விசாரித்துத் தண்டனையையும் எழுதிவிடலாம்.

"எழுதினா?" என்று கேட்டேன்.

"குற்றப்பதிவில ஏறும் அம்மா. உங்கட பிரசாவுரிமை அதோட நிண்டிடும்."

எங்கள் இருவருடைய விண்ணப்பமும் அப்போது ஊராட்சி அலுவலகத்தில் இருந்தது. மொழிப் பரீட்சை முடிந்து, இந்த நாட்டு மாநிலங்களான கன்டோன்களின் பெயர்களைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்துப் பாடமாக்கி முடிந்து, கடைசி நேர்முகம் மட்டும் மிச்சம். அகதியாக வந்து, வேலை செய்து, மகளை வளர்த்து, ஒரு வேகக் கட்டுப்பாட்டுத் தண்டமும் இல்லாமல் இருந்தவர் இவர். சிவப்பு விளக்கில் ஆளே இல்லாத தெருவைக் கடக்காத மனிதர். அவரைச் சவக்காலைக் கள்ளன் என்று எழுதப்போகிறார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் போதும் போதும் என்றாகிவிட்டன. தபால்காரர் வரும் நேரம் சன்னலடியில் போய் நிற்பேன். வேலையிடத்தில் மேற்பார்வையாளர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், தெரிந்துவிட்டதோ என்று முகத்தைப் பார்ப்பேன். முதியவர்களின் உடுப்புப் பையில் கிடக்கும் சில்லறையை எடுத்து உரிய பெட்டியில் போடுவது என் வேலைகளில் ஒன்று. அதை இப்போது யாராவது பார்க்கும்படிதான் செய்தேன். நான் ஒன்றும் எடுக்கவில்லை, ஆனாலும் அப்படிச் செய்தேன். வெள்ளிக்கிழமை கோயிலில் தெரிந்த ஒரு பெண், "என்ன, இவரைக் கனநாளாக் காணேல்லை?" என்று கேட்டபோது, முதுகுப் பிடிப்பு என்று பொய் சொன்னேன். இவர் தொழிற்சாலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். அலுமாரியைப் பார்க்கமாட்டார்.

ஒரு யோசனை எனக்கு வந்தது. பழத்தட்டு ஒன்றும் கொஞ்சம் பலகாரமும் எடுத்துக்கொண்டு அந்த மூதாட்டியின் வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டால் என்ன? எங்கள் சனம் அப்படித்தானே செய்வார்கள். மகள் பாய்ந்துவிட்டாள்.

"அம்மா, விசர்க்கதை கதையாதேங்கோ. முறைப்பாட்டுக்காரியை மிரட்டப் போனதெண்டு அதுக்கும் ஒரு வழக்குப் போடுவினம்."

"லட்டோட போய் ஆரும் மிரட்டுவினமோ?"

"போகவேண்டாம். விசாரணைக்கு உங்களையும் கூப்பிட்டிருக்கினம். அங்கயும் கனக்கக் கதைக்கவேண்டாம். முக்கியமா நீங்கள் வீட்டில போட்ட சண்டையைச் சொல்லாதேங்கோ. நீங்களே அப்பாவைக் குற்றவாளியா நினைச்ச மாதிரி இருக்கும்."

அது எனக்குச் சரியாகப் பட்டது. அந்தச் சண்டையை என் நாக்கு சொல்லாது என்று முடிவெடுத்தேன்.

விசாரணைக்குப் போன அன்று முதலில் இவரை உள்ளே கூப்பிட்டார்கள். என்னை நடையில் காத்திருக்கச் சொன்னார்கள். அங்கே வாங்கில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் இருந்தார். நீலக் கோட்டு, ஒழுங்காக வாரிய நரைமுடி, மடியில் கைப்பை. நான் போய்ப் பக்கத்தில் அமர்ந்ததும் கைப்பையை எடுத்து மற்றப் பக்கத்தில் வைத்தார். எனக்குச் சுள்ளென்றது. எழும்பி நின்றேன். சிறிது நேரத்தில் அவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அவர் யார் என்று அப்போதுதான் விளங்கியது.

கதவு தடித்த கதவு. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. இவர் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாரோ? அந்த மனுசனுக்கு மறைக்கவும் தெரியாது, விளக்கவும் தெரியாது. எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். பிறகு, அவர்களை அலுமாரிக்குள் பூட்டி வைத்திருப்பது நினைவு வந்து அதையும் விட்டுவிட்டேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் வழக்குத்தொடுநர், நாற்பது வயதுக்குள் இருக்கும் ஓர் ஆண். பக்கத்தில் எழுதுகிற பெண். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை, இங்கே பிறந்தவள்போல. இவர் கதிரையின் நுனியில் இருந்தார். மூதாட்டி சன்னலோரம்.

கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தேவையில்லை, விரும்பினால் மறுக்கலாம் என்று முதலில் சொன்னார்கள். சொல்கிறேன் என்றேன். சொல்லாவிட்டால் எதையோ மறைப்பதாக நினைப்பார்களே.

அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்தாமல், ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தாள். "உங்கட கணவர் சொல்லுறார், பூ ஆருடையது எண்டு தான் யோசிக்கேல்லை, சாமிக்குத்தானே பறிச்சனான் எண்டு. வாரக்கணக்கா ஒவ்வொரு விடியவும் அங்க போயிருக்கிறார். தொட்டி இருந்திருக்குது, மெழுகுதிரி இருந்திருக்குது. அது சவக்காலை எண்டு அவருக்குத் தெரியாதெண்டதை ஏன் நம்பவேணும் எண்டு வழக்குத்தொடுநர் கேக்கிறார்."

இவர் யோசிக்கவில்லையாம்! கையில் கிடைத்த கயிற்றைத் தானே கழுத்தில் மாட்டியிருக்கிறார்.

"அவருக்குத் தெரியாது" என்றேன்.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவர் அப்பிடிச் செய்யமாட்டார்."

வழக்குத்தொடுநர் தலையை ஆட்டிக்கொண்டு எதையோ குறித்தார். எல்லா மனைவிமாரும் இதைத்தான் சொல்வார்கள் என்று அந்தத் தலையாட்டல் சொன்னது. என் கணவர் என்னைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போலவே அவற்றைத் தள்ளிப் பிடித்திருந்தார். அதைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. மகள் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

"தங்கச்சி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும்" என்றேன். "தெரிஞ்சிருந்தா அவர் அந்தப் பூவைத் தொட்டும் இருக்கமாட்டார். செத்த வீட்டுக்குப் போய்வந்தாலே நாங்கள் தலைமுழுகாமல் வீட்டுக்குள்ள வாறதில்லை. சவக்காலைப் பூவைச் சாமிக்கு வைக்கிறது களவிலும் பெரிய குற்றம் எங்களுக்கு. தெரிஞ்ச அண்டைக்கு நான் போட்ட சத்தத்துக்குக் கீழ் வீட்டு மனுசன் ஓடிவந்தவர், அவரைக் கேளுங்கோ. சாமிப்படம் முழுக்கக் கழட்டிக் கழுவி அலுமாரிக்குள்ள வைச்சனான். இண்டைக்கு வரைக்கும் விளக்குக் கொளுத்தேல்லை. இவரைச் சாமியறைக்குள்ள விடேல்லை. கள்ளன் எண்டு நான் ஏசேல்லை. ஏன் பாக்காமல் போனனீங்கள் எண்டுதான் ஏசினனான்."

அவள் மொழிபெயர்த்து முடித்தாள். வழக்குத்தொடுநர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். கீழ் வீட்டுக்காரர் யார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த முகத்தில் ஏதோ இளகியதுபோல இருந்தது. அப்பாடா என்று நினைக்கவும் சன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"அப்படியென்றால் என் கணவர் உங்களுக்கு அழுக்கா?"

மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அந்த ஜெர்மன் எனக்கு நன்றாக விளங்கியது. மூதாட்டியின் முகம் சிவந்திருந்தது. பூப்போனதற்கு வந்த கோபம் இல்லை அது. நான் என் மனிசனைக் காப்பாற்றுவதற்காக அவருடைய மனிசனின் சாம்பலை இந்த அறைக்குள் கொட்டிக் கழுவச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. களவு முறைப்பாடு அவர் கையில்தான் இருக்கிறது.

என்னிடம் இருந்த ஜெர்மனில் நானே சொன்னேன். அதில் வேற்றுமை உருபும் இல்லை, ஒழுங்கும் இல்லை. "உங்கள் கணவர் மட்டும் இல்லை. என் அம்மா இறந்தபோதும் அப்படித்தான். நான் இங்கே, அவர் அங்கே. பார்க்கவும் இல்லை. ஆனாலும் முப்பத்தோராம் நாள்வரை என் வீட்டுச் சாமிக்குப் பூ வைக்கவில்லை, விளக்கு வைக்கவில்லை. அம்மா அழுக்கா? என் அம்மா அழுக்கு இல்லை. அது எங்கள் துக்கம். அந்த நாட்களில் சாமிகூடத் தள்ளித்தான் இருக்கவேண்டும்."

மூதாட்டி இவரைப் பார்த்துக் கேட்டார்: "ரோசா எல்லாவற்றையும் ஏன் எடுக்கவில்லை? எப்போதும் இரண்டு மிச்சம் இருந்தது."

அந்தப் பிள்ளை கேட்டுச் சொன்னாள். இவர் முதல்முறையாக நிமிர்ந்தார். "செடியை மொட்டையா விடக்கூடாது" என்றார். கையைக் கூப்பினார். "பிழை அம்மா. உங்கட மனுசன் அங்க இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியாது."

மூதாட்டி வழக்குத்தொடுநரிடம் ஏதோ கேட்டார். அவர் முறைப்பாட்டை மீளப் பெறும் தாளை நீட்டினார். மூதாட்டி கையெழுத்து வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே போனார். மன்னித்தாரா, அல்லது எங்களோடு இனி ஒரு அறையில் இருக்க விரும்பவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கீழ் வீட்டு மனிதரை விசாரித்தார்கள். நான் கத்தியதை அவர் மறக்கவில்லை, நல்லவேளை. சில வாரங்களில் வழக்கை நிறுத்தியதாக அறிவித்தார்கள். திரிம்பாக் கோயிலிலிருந்து ஐயர் வந்து வீட்டின் தீட்டுப் போகப் புண்ணியாகவாசனம் செய்தார். அலுமாரியைத் திறந்தோம், விளக்கு வைத்தோம். நேர்முகத்தில் இவர் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார். பிரசாவுரிமையும் வந்தது. மகள் கேக் வாங்கி வந்தாள். நான் நினைத்தேன், எல்லாம் முடிந்தது என்று.

அடுத்த கோடையில் பல்கனியில் வைக்க ஒரு மல்லிகைத் தொட்டி வாங்கினேன். ஒரு விடியற்காலை முதல் பூக்கள் விரிந்திருந்தன. இவர் குளித்து, திருநீறு பூசி, தட்டோடு பல்கனிக்குப் போனார். கனநேரம் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தேன். செடிக்கு முன்னால் நின்றுகொண்டு எதிர்க் கட்டடத்தின் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றேன்.

"பறிக்கலாமோ?" என்று கேட்டார்.

"இது எங்கட மல்லிகை அப்பா. நான் வாங்கினது."

"அது எனக்குத் தெரியும். பாக்கிறவைக்குத் தெரியுமோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டை வாங்கி நானே பறித்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பூப்பறிப்பது நான்.